பின்பக்கம்தான் கஷ்டம்

ஹைதராபாத் கைவண்ணம் – 14

சென்ற வாரக் கட்டுரை, சட்டா பஜாரின் கல்யாணப் பத்திரிகை அச்சகங்களோடு நின்றது. அங்கே கட்டிங் மிஷினின் கத்தி ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் ஓரத்தில் பட்டை பட்டையாக அட்டை விழும். 300 ஜி.எஸ்.எம். கனம், ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. பழைய பேப்பர் கணக்கில் எடை போட்டுப் போகிற சரக்கு. அதில் இரண்டரை அங்குலத்துக்குக் குறையாத அகலத்தில் ஒரு பட்டை கிடைத்துவிட்டால் விளையாட்டு வீரர் கார்டு செய்யலாம். இந்த வாரம் அந்த வேலைதான்.

இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம். உலகம் முழுக்க விளையாட்டு கார்டுகளுக்கு இன்று இதுதான் அளவு. அமெரிக்காவின் டாப்ஸ் கம்பெனி 1957-இல் இந்த அளவுக்கு வந்தது. மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். அதற்கு முன்பு ஆளுக்கொரு அளவு. சிகரெட் கம்பெனிகள்தான் இந்த வியாபாரத்தை ஆரம்பித்துவைத்தன. பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே ஓர் அட்டை வைக்க வேண்டியிருந்தது. வெறும் அட்டை எதற்கு, படம் போட்டால் ஆள் திரும்ப வருவானே என்று யாருக்கோ தோன்றிவிட்டது. 1887-இல் ஆலன் அண்ட் கின்டர் என்ற அமெரிக்க சிகரெட் கம்பெனி பேஸ்பால்காரர்கள், குத்துச்சண்டை வீரர்கள் எனப் பலரையும் கலந்து 50 கார்டுகள் போட்டது. இங்கிலாந்தில் வில்ஸ் கம்பெனி 1896-இல் கிரிக்கெட் வீரர்களுக்கு என்றே ஒரு வரிசை போட்டது. நவாநகர் ரஞ்சித்சிங்ஜியின் முகமும் ஆங்கிலேயர்களின் சிகரெட் பெட்டிக்குள் இப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

வீட்டில் கார்டு செய்வது சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். இன்றைய கார்டின் அமைப்பு பிறந்ததே ஒரு வீட்டுச் சமையலறையில்தான். டாப்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த சை பெர்கர் என்ற இளைஞர், 1951 இறுதியில், நியூயார்க் புரூக்ளினில் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் கத்தரிக்கோலும் அட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கூட உதவிக்கு வுடி கெல்மன். முன்பக்கம் படம், பெயர், அணிச் சின்னம், கையெழுத்து. பின்பக்கம் உயரம், எடை, பிறந்த ஊர், ஆட்டக் கணக்கு. இப்படி ஒட்டி வெட்டிப் பார்த்ததுதான் 1952-ஆம் ஆண்டின் 407 கார்டுகளாக வெளிவந்தது. அந்த வரிசையின் கடைசிப் பகுதி சீசன் முடிகிற நேரத்தில் கடைக்கு வந்ததால் விற்கவில்லை. கிடங்கில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பெட்டிகளை 1960-இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக பெர்கரே பின்னாளில் சொன்னார். கடலுக்குப் போகாமல் தப்பியவற்றில் ஒன்று மிக்கி மேன்டில் என்ற ஆட்டக்காரருடையது. 2022 ஆகஸ்டில் அது 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. கிடங்கைக் காலி செய்யச் சொன்ன புண்ணியவான் யாரோ!

நம் பக்கத்துக் கதை வேறு. தமிழ்நாட்டுத் தெருக்களில் கார்டு என்ற பேச்சு வருவதற்கு முன்பே அட்டை ஆட்டம் இருந்தது. காலி சிகரெட் பெட்டியின் முகப்பைக் கிழித்து, வட்டம் போட்டு அடுக்கி, தட்டையான கல்லால் அடித்து வெளியே தள்ளுகிற ஆட்டம். எந்த பிராண்டுக்கு எவ்வளவு மதிப்பு என்பதைத் தெருவே தீர்மானிக்கும். பக்கத்துத் தெருவில் அந்தக் கணக்கு செல்லாது. சிவகாசித் தீப்பெட்டிப் படங்களும் இப்படிக் கைமாறின. ஆட்டக்காரர்களின் முகம் வந்தது பிற்பாடு. எண்பதுகளின் கடைசியில் பிக் ஃபன் என்ற பபிள்கம்மோடு கிரிக்கெட் வீரர் படம் வரும். கூடவே இத்தனை ரன், அல்லது ஒரு விக்கெட் என்று அச்சிட்டிருக்கும். சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் பரிசு. 1999 உலகக் கோப்பையின்போது பிரிட்டானியா பிஸ்கட் உறையில் ரன்கள் வந்தன. தொண்ணூறுகளில் மல்யுத்த ட்ரம்ப் கார்டுகள் பள்ளிக்கூடங்களைப் பிடித்து ஆட்டின. மார்பளவு, புஜத்தின் சுற்றளவு, ஆடிய சண்டை, ஜெயித்த சண்டை எல்லாம் பாடப்புத்தகத்தை விட நன்றாக மனப்பாடம் ஆனது. பிறகு ஐ.பி.எல். வந்தது; டாப்ஸ் கம்பெனியே கிரிக்கெட் கார்டுகளோடு இந்தியாவுக்கு வந்தது.

இதில் ஒன்று கவனிக்க வேண்டும். கம்பெனிக்கு எப்போதும் இன்றைய நட்சத்திரம்தான் வேண்டும். மிட்டாய் விற்க வேண்டியவன் நாற்பது வருடத்துக்கு முந்தைய கோல்கீப்பரின் படத்தை ஏன் போடப்போகிறான்? ஹைதராபாத்தின் மிகப் பெரிய விளையாட்டுக் காலம் அதனால்தான் கார்டில் ஏறவே இல்லை. அது கிரிக்கெட் காலம் அல்ல, கால்பந்துக் காலம். அந்த ஆட்டக்காரர்கள் மைதானத்தில் இருந்தபோது இந்தியாவில் கார்டு வியாபாரம் இல்லை. வியாபாரம் வந்தபோது அவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். கடையில் கிரிக்கெட்டும் மல்யுத்தமும்தான் இருந்தன.

ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருடம் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அதன் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அவர் பயிற்சி கொடுத்த இந்திய அணி ஆஸ்திரேலியாவை 4–2 என்று அடித்து அரையிறுதிக்குப் போய், நான்காவது இடம் பெற்றது. 1956, 1957 என இரண்டு சீசன்களில் ஹைதராபாத் மாநில அணி சந்தோஷ் டிராபியைக் கையில் வைத்திருந்தது. 1962 செப்டம்பர் 4 அன்று ஜகார்த்தாவில், ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டியில், தென் கொரியாவை 2–1 என்று வென்று ரஹீமின் இந்திய அணிக்குத் தங்கம். அடுத்த ஆண்டு ஜூன் 11 அன்று ரஹீம் புற்றுநோயால் இறந்தார். 2024-இல் அஜய் தேவ்கன் நடித்து ‘மைதான்’ என்ற இந்திப் படம் வந்த பிறகுதான் பல வீடுகளில் இந்தப் பெயரே காதில் விழுந்தது.

அந்த அணிகளில் இருந்த இரண்டு பேரைத் தமிழ் வாசகர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இருவரும் செகந்திராபாத் புழுதியில் பந்து உதைத்து வளர்ந்தவர்கள்.

ஒருவர் பீட்டர் தங்கராஜ். 1935 டிசம்பரில் ஹைதராபாத்தில் பிறந்தார். செகந்திராபாத்தின் மார்னிங் ஸ்டார், ஃபிரண்ட்ஸ் யூனியன் கிளப்புகளில் அவர் ஆட ஆரம்பித்தது சென்டர் ஃபார்வர்டாக! 1953-இல் ராணுவத்தில் சேர்ந்து மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டருக்காக ஆடப் போன பிறகு கோல்கீப்பர் ஆனார். கோல் போடப் போனவர் கோல் தடுக்கிறவராக மாறினார். மெல்போர்ன், ரோம் இரண்டு ஒலிம்பிக் அணிகளிலும் இருந்தார். 1958-இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று தேர்வானார். ஜகார்த்தாவில் உடம்பு சரியில்லாமல் அரையிறுதியில் உட்கார்ந்திருந்தவரை ரஹீம் இறுதிப் போட்டிக்குத் திரும்பவும் கோல் முன்னால் நிறுத்தினார். 1967-இல் அர்ஜுனா விருது. 2008-இல் பொகாரோவில் காலமானார்.

இன்னொருவர் துளசிதாஸ் பலராம். 1936 அக்டோபரில், செகந்திராபாத்தை ஒட்டிய அம்முகூடாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் மூவரும் இந்தியக் கால்பந்தின் முன்வரிசை. இவர்களில் யார் பெரிய ஆட்டக்காரர் என்பது கல்கத்தாவில் இன்னும் தீராத வழக்கு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக இந்தியா 1–2 என்று தோற்றது, பெருவிடம் 1–3. இரண்டிலும் இந்தியாவின் அந்த ஒற்றை கோல் பலராமுடையது. 1962-இல் ஜகார்த்தா தங்கம், அதே ஆண்டு அர்ஜுனா விருது, 1963-இல் உடல்நலம் கெட்டு 27 வயதுக்குள் ஓய்வு. பானர்ஜிக்கும் கோஸ்வாமிக்கும் பத்மஸ்ரீ வந்தது; பலராமுக்கு வரவில்லை. 2023 பிப்ரவரி 16 அன்று அவர் இறந்தபோது பெரும்பாலான தமிழர்களுக்கு அது செய்தியாகவே எட்டவில்லை.

ஆக, இந்த இருவருக்கும் கார்டு வேண்டுமென்றால் கடையில் தேடிப் பயனில்லை. வீட்டில்தான் செய்ய வேண்டும்.

செய்முறை சுலபம்; ஆனால் வரிசை தப்பினால் கெட்டுப்போகும். ஏ-4 தாள் 210 மில்லிமீட்டர் அகலம், 297 உயரம். கார்டு 63.5-க்கு 89. வரிசைக்கு மூன்று, மூன்று வரிசை என்று ஒன்பது கார்டு உட்காரும். ஓரத்தில் பிடிக்க இடமும் மிச்சமிருக்கும். கனமான அட்டையை நேராக வீட்டு பிரிண்டரில் செருகக் கூடாது, சிக்கிக்கொள்ளும். சாதாரணத் தாளில் முன்பக்கம் ஒன்பது, இன்னொரு தாளில் பின்பக்கம் ஒன்பது என்று அச்செடுத்து, நடுவில் அட்டை வைத்து ஒட்டுவதே நல்லது. ஜெராக்ஸ் கடை லேசர் பிரிண்ட் ஈரம் பட்டால் கலையாது. வீட்டு இங்க்ஜெட் பிரிண்ட் பசையின் ஈரத்திலேயே கலங்கும். பின்பக்கத் தாளில் கார்டுகளின் வரிசை இடம் வலம் மாறி இருக்க வேண்டும். இதை மறந்தால் தங்கராஜின் முதுகில் பலராமின் கணக்கு வந்துவிடும். முதல் தாளில் எல்லோருக்கும் வருகிறது.

பசை விஷயத்தில் அவசரம் ஆகாது. மைதா பசை, தண்ணீர் விட்ட ஃபெவிகால் இரண்டும் தாளை ஊறவைத்து அலை அலையாக்கும். குச்சிப் பசைதான் நல்லது. அட்டைக்கு இழை ஓடும் திசை ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் விட்டுக்கொடுக்கிறதோ அதுதான் இழை. மூன்று அடுக்கிலும் இழை ஒரே திசையில் இருந்தால் கார்டு நேராக நிற்கும், இல்லாவிட்டால் காய்ந்ததும் அப்பளமாகச் சுருளும். ஒட்டியதை ஓர் இரவு கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்துவிட்டு, மறுநாள்தான் வெட்ட வேண்டும். ஒட்டிய பிறகு வெட்டு. வெட்டிய பிறகு ஒட்டாதே. கத்தரிக்கோலை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, புது பிளேடு போட்ட கட்டரால் ஒரே கோட்டில் மூன்று நான்கு தடவை லேசாக இழுக்க வேண்டும். ஒரே இழுப்பில் வெட்ட நினைத்தால் கத்தி இழை வழியே ஓடிவிடும். கட்டிங் மேட் இல்லாத வீட்டில் பழைய காலண்டர் அட்டை போதும். கட்டர் பெரியவர்கள் கையில் இருக்கட்டும். கடைசியில் ஒன்பது கார்டையும் ஒன்றாக அடுக்கிப் பிடித்து, நான்கு மூலைகளையும் நைசான உப்புத்தாளில் ஓரிரு முறை தேய்த்தால் எல்லா மூலையும் ஒரே வளைவாக வரும். பிளாஸ்டிக் லேமினேஷன் வேண்டாம் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. கார்டு ஆதார் அட்டை மாதிரி ஆகிவிடுகிறது.

கையால் அட்டை செய்வது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. பாபர் 1527-இல் சிந்து தேசத்து ஷா ஹசனுக்கு கஞ்சிஃபா சீட்டு அனுப்பியதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். வட்ட வட்டமான, கையால் வரைந்த சீட்டு. முகலாய ஆட்டத்துக்கு 8 குலம், 96 சீட்டு. இந்துக் கலைஞர்கள் அதைத் தசாவதாரமாக்கி 10 குலம், 120 சீட்டு என்று பெருக்கினார்கள். இன்றைய தெலங்கானாவின் நிர்மலில் நகாஷ் ஓவியர்கள் இந்தச் சீட்டுகளை எழுதினார்கள். ஒடிசாவின் ரகுராஜ்பூரில் இன்றைக்கும் செய்கிறார்கள். பழந்துணியைப் புளியங்கொட்டைப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டி, சுண்ணப்பொடி பூசி, காயவைத்து, வட்டமாக வெட்டி, அப்புறம் வரைகிறார்கள். வெட்டுவதற்கு முன் ஒட்டு என்ற வரிசை அங்கேயும் அப்படியே. மச்சாவதாரமும் கூர்மாவதாரமும் இருந்த இடத்தில் கோல்கீப்பரும் ஆஃப் ஸ்பின்னரும் வரக்கூடாதா என்ன? சூரிச்சில் ஸ்டிர்னெமன் என்ற ஓவியர் 1997-இல் கையாலேயே 1,200 கார்டுகள் செய்து கண்காட்சி வைத்தார். கண்காட்சியின் கடைசி நாளில் வருகிறவர்கள் தாங்களே ஒரு கார்டு செய்து கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம் என்றார். ஓவியர்களின் கார்டு பரிமாற்றம் என்று அது பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. அளவு அதே இரண்டரைக்கு மூன்றரை.

அடுத்தது முகம். புகைப்படமா, ஓவியமா?

பழைய புகைப்படம் வேண்டுமென்றால் ஹைதராபாத்தில் முதல் இடம் ஆபிட்ஸ். ஞாயிற்றுக்கிழமை கடைகள் ஷட்டரை இறக்கியிருக்க, நடைபாதை முழுக்கப் பழைய புத்தகம் விரிக்கிற இடம். மெட்ராஸிலிருந்து ‘தி ஹிந்து’ குழுமம் 1947 முதல் 1968 வரை நடத்திய ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ வாரப் பத்திரிகையின் ஓர் இதழ் அங்கே கண்ணில் பட்டால் பேரம் பேசிக்கொண்டு நிற்காதீர்கள். தங்கராஜும் பலராமும் ஆடிய காலம் முழுக்க அதற்குள் இருக்கிறது. 1978-இல் தொடங்கிய ‘ஸ்போர்ட்ஸ்டார்’ இதழின் நடுப்பக்க வண்ணப் படங்கள் எத்தனை வீட்டுச் சுவர்களில், அலமாரிக் கதவுகளில் ஒட்டியிருந்தன என்பது ஐம்பது வயதைத் தொட்டவர்களுக்குத் தெரியும். இதழைக் கிழிக்க வேண்டாம். போனில் நேராகப் படமெடுத்தால் போதும். புகைப்படத்துக்கு இந்தியச் சட்டப்படி எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும், அவர் இறந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகளும் காப்புரிமை உண்டு.

ஓவியம் என்றால் நிம்மதி. இதற்கு ஹைதராபாத் தொடர்புள்ள ஒரு வழக்கே இருக்கிறது. ரேரியோ என்ற நிறுவனம் கிரிக்கெட் வீரர்களோடு ஒப்பந்தம் போட்டு, கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிற டிஜிட்டல் கார்டுகளை விற்றது. ஸ்ட்ரைக்கர் என்ற போட்டித் தளம் ஒப்பந்தம் இல்லாமலேயே வீரர்களின் பெயரையும் ஆட்டக் கணக்கையும் போட்டு, முகத்தைப் புகைப்படமாக வைக்காமல் ஓவியமாக வரைந்து கார்டு போட்டது. ரேரியோ டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கூட மனுதாரர்களாக நின்ற கிரிக்கெட் வீரர்களில் ஒருவர் நம்ம ஊர் முகமது சிராஜ். 2023 ஏப்ரல் 26 அன்று நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. எல்லோருக்கும் தெரிந்த ஆட்டக் கணக்கு யாருடைய தனிச்சொத்தும் அல்ல என்றது. கடை போட்டு விற்கிறவர்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளட்டும். வீட்டு மேஜையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வரைகிறவர்களுக்கு எந்தப் பயமும் இல்லை.

வரைகிறவர்கள் ஆளைவிட அவருடைய நிலையைப் பிடித்தால் போதும். எம்.எல். ஜெய்சிம்ஹா என்றால் தூக்கிவிட்ட சட்டைக் காலர். தங்கராஜ் என்றால் ஆறடிக்கு மேல் உயரமும் விரிந்த கைகளும்; கார்டின் இரண்டு ஓரத்தையும் விரல் தொட்டால் கச்சிதம். அசாருதீன் என்றால் மணிக்கட்டு. வண்ணம் தீட்டுவதில் மட்டும் ஒரு கட்டுப்பாடு தேவை. கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து சட்டை நிறத்தை ஊகித்துப் பூசக் கூடாது. ஆளைக் கறுப்பு வெள்ளையிலேயே விட்டுவிட்டு, சுற்றுக் கட்டத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் வண்ணம் கொடுக்கலாம்.

இனிதான் தலைப்பில் சொன்ன கஷ்டம். முன்பக்கத்துக்குக் கை போதும். பின்பக்கத்துக்குக் கேள்வி கேட்கிற மூளை வேண்டும்.

கிரிக்கெட்டுக்குக் கவலை இல்லை. எண்கள் வரிசையில் நிற்கின்றன. ஜெய்சிம்ஹா 39 டெஸ்ட், 2,056 ரன். சையத் ஆபித் அலி 29 டெஸ்ட், 1,018 ரன், 47 விக்கெட். அசாருதீன் 99 டெஸ்ட், 6,215 ரன். ஆனால் எண்ணை மட்டும் எழுதினால் கார்டு சப்பென்று இருக்கும். ஜெய்சிம்ஹாவின் கார்டில் எழுத வேண்டியது, 1960-இல் கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஐந்து நாளும் பேட் செய்த கதை. டெஸ்ட் வரலாற்றில் அப்படிச் செய்த முதல் ஆள் அவர். ஆபித் அலி 1967-இல் அடிலெய்டில் முதல் டெஸ்டிலேயே 55 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தவர். 1971-இல் ஓவலில் இங்கிலாந்தை இந்தியா வென்றபோது வெற்றி ரன்னை அடித்தவரும் அவரே. இந்தியாவுக்கே கேப்டனாக இருந்த பட்டோடி, ஹைதராபாத் அணியில் ஜெய்சிம்ஹாவின் கேப்டன்சியில் ஆடினார். பட்டோடி கார்டின் பின்பக்கத்தில் இந்த ஒரு வரி போதும்.

மிதாலி ராஜின் கார்டை ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் செய்யலாம். தமிழ்க் குடும்பம், பிறந்தது ஜோத்பூர், வளர்ந்து ஆடக் கற்றது இந்த ஊரில். 1999-இல் அயர்லாந்துக்கு எதிராக ஆடிய முதல் ஒருநாள் போட்டியிலேயே ஆட்டமிழக்காமல் 114. 2002-இல் டான்டனில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் 214. அப்போது அது பெண்கள் டெஸ்டில் உலக சாதனை, அவருக்கு வயது 19. ஒருநாள் போட்டிகளில் மொத்தம் 7,805 ரன். பபிள்கம் காலத்து உறைகள் ஆண்கள் கிரிக்கெட்டோடு நின்றுகொண்டன என்பதை நினைத்துக்கொண்டு இந்தக் கார்டை வெட்டினால் கை கொஞ்சம் அழுத்தமாகவே விழும்.

கால்பந்தில்தான் மாட்டிக்கொள்கிறோம். தங்கராஜ் எத்தனை கோலைத் தடுத்தார் என்று அந்தக் காலத்தில் யாரும் கணக்கு வைக்கவில்லை. ட்ரம்ப் கார்டு மாதிரி எண்ணை எண்ணோடு மோதவிட இவர்கள் உதவ மாட்டார்கள். ஆட்டங்களைத்தான் எழுத வேண்டும். கார்டின் பின்பக்கத்தில் கண்ணுக்கு உறுத்தாத அளவில் தமிழ் எழுத்து ஐம்பது அறுபது சொல்லுக்கு மேல் பிடிக்காது. ஆங்கிலத்துக்குப் போதுமான எழுத்தளவில் தமிழை அடித்தால் சுழியெல்லாம் அடைத்துக்கொள்ளும். அந்த இடத்துக்குள் தங்கராஜை இப்படி அடக்கலாம்:

“பீட்டர் தங்கராஜ். கோல்கீப்பர். பிறப்பு 1935, ஹைதராபாத். செகந்திராபாத்தில் ஃபார்வர்டாக ஆரம்பித்தவர். மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டருக்காக ஆடி 1955, 1958-இல் டி.சி.எம். கோப்பை வென்றார். ஒலிம்பிக் அணி: 1956, 1960. ஆசிய விளையாட்டுத் தங்கம்: 1962. அர்ஜுனா: 1967. மறைவு 2008.”

முப்பதே சொற்கள். ஆனால் ஒவ்வொரு ஆண்டையும் இரண்டு இடத்திலாவது பார்த்துச் சரிசெய்யாமல் எழுதக் கூடாது. 1962-ஐ 1963 என்று எழுதிவிட்டால், அந்தக் கார்டை வாங்கிக்கொண்டு போகிற பிள்ளை வாழ்நாள் முழுக்க 1963 என்றுதான் சாதிக்கும். பிள்ளைகளோடு செய்கிறவர்கள் வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: படம் பிள்ளைகளுடையது, ஆண்டு பெரியவர்களுடையது. கம்பெனிக் கார்டில் பிழை இருந்தால் அதற்கே தனி விலை கிடைக்கும். வீட்டுக் கார்டில் அந்த வசதி இல்லை.

ஏ-4 தாளில் ஒன்பது இடம் என்று சொன்னோம். முதல் தாளுக்கு இந்தத் தொடரின் சிபாரிசு: ரஹீம், தங்கராஜ், பலராம், ஜெய்சிம்ஹா, ஆபித் அலி, அசாருதீன், மிதாலி ராஜ், பி.வி. சிந்து, சிராஜ். கம்பெனிகள் பயிற்சியாளருக்குக் கார்டு போடுவது அபூர்வம். ரஹீமுக்குப் போடாமல் ஹைதராபாத் வரிசை என்று சொல்லிக்கொள்ள முடியாது. லக்ஷ்மண் எங்கே, கோபிசந்த் எங்கே, சானியா எங்கே, சாய்னா எங்கே என்று கேட்டு வரப்போகும் கடிதங்களுக்கு முன்கூட்டியே பதில்: இரண்டாவது தாள் போடுங்கள்.

மாரெட்பள்ளி, பத்மாராவ் நகர், லாலாகூடா, திருமலகிரி பக்கத்துப் பழைய தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியில், பரணில், கால்பந்து அணியோ ஹாக்கி அணியோ இரண்டு வரிசையாக நின்றும் உட்கார்ந்தும் எடுத்த குரூப் போட்டோ ஏதாவது இருக்கலாம். ரயில்வே, போலீஸ், ரெஜிமென்ட், பேட்டை கிளப் எதுவானாலும் சரி. அதை இந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுங்கள். வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் காட்டி, இடமிருந்து வலமாக யார் யார், எந்த ஆண்டு, எந்த மைதானம் என்று கேட்டு, போட்டோவின் பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், எழுதிவையுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம். அது முன்பக்கத்து முகத்தில் தடம் போட்டுவிடும்.

(தொடரும்)